சென்னையிலிருந்து மதுரை: வானில் 417 கிலோமீட்டர், வாசலிலிருந்து எத்தனை மணி நேரம்?

சென்னைக்கும் மதுரைக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் 417, 421, 460, 493 என்று நாலு எண்கள் வரும். நாலுமே சரிதான். முதலாவது விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு நேர்கோட்டில். இரண்டாவது ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்கு, அதுவும் நேர்கோட்டில். மூன்றாவது சாலை வழி. கடைசி, எழும்பூரிலிருந்து ரயில் வழி. தூரத்தில் இத்தனை குழப்பம் என்றால் நேரத்தில் கேட்கவே வேண்டாம். சில தளங்கள் 417ஐ 800ஆல் வகுத்து 'விமானத்தில் 31 நிமிடம்' என்று போட்டுவிடுகின்றன. அரை மணி நேரத்தில் மதுரையில் இறக்கிவிட்ட பயணிகள் விமானம் எதையும் நான் பார்த்ததில்லை.

சென்னைக்கு வேலைக்குப் புதிதாக வந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து சென்னையில் இறங்கி மதுரைக்குப் போக வேண்டியவர்கள், முதல்முறை காரில் கிளம்புகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். டிக்கெட் விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் அதைத் தொடவில்லை. தூரமும் நேரமும் மட்டும்.

1. முதலில் இரண்டு முனைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்

'சென்னையிலிருந்து' என்றால் சென்னையில் எங்கிருந்து? திருவொற்றியூரில் இருப்பவரும் கூடுவாஞ்சேரியில் இருப்பவரும் சென்னைக்காரர்கள்தான். ஆனால் இருவருக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர் இருக்கிறது. திருவொற்றியூர்க்காரர் நகரத்தைத் தாண்டும் நேரத்தில் கூடுவாஞ்சேரிக்காரர் திண்டிவனத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

மதுரைப் பக்கமும் இதே கதைதான். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வடகிழக்கே இருக்கிறது, சென்னைச் சாலை வந்து சேரும் பக்கம். விமான நிலையம் தெற்கே, அவனியாபுரம் தாண்டி. ரயில் நிலையம் ஊருக்கு நடுவில். உங்கள் சொந்தக்காரர் வீடு அய்யர் பங்களா பக்கம் என்றால் சாலையில் வருவது சுலபம். விமானத்தில் வந்தால் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். திருநகர், வில்லாபுரம் என்றால் நிலைமை தலைகீழ்.

ஆகவே கூகுள் மேப்ஸில் 'சென்னை', 'மதுரை' என்று போடாதீர்கள். கிளம்பும் தெருவையும் சேரும் தெருவையும் போடுங்கள். அப்படியே 'புறப்படும் நேரம்' என்பதைத் தொட்டு, நீங்கள் உண்மையிலேயே கிளம்பப்போகும் நாளையும் மணியையும் கொடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்துக்கொண்டே பார்த்தால் காட்டும் நேரம் வேறு, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் காட்டும் நேரம் வேறு. அந்த ஆப் டீக்கும் டிபனுக்கும் டீசல் போடுவதற்கும் நேரம் சேர்க்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. நேர்கோட்டுத் தூரத்தை நீங்களே கணக்கிடலாம்

இது கட்டாயமான படி இல்லை. ஆனால் ஒருமுறை செய்து பார்த்தால் எந்த ஊருக்கும் உதவும்.

சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 12.99 டிகிரி வடக்கு, 80.17 டிகிரி கிழக்கு. மதுரை விமான நிலையம் 9.83 வடக்கு, 78.09 கிழக்கு. வடக்கு தெற்காக ஒரு டிகிரி சுமார் 110.6 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக ஒரு டிகிரி, நம்முடைய அட்சரேகையில், சுமார் 109 கிலோமீட்டர். கழித்துப் பெருக்கினால் மதுரை சென்னைக்குத் தெற்கே 350 கிலோமீட்டரும் மேற்கே 227 கிலோமீட்டரும் தள்ளி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம்தான்: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 417. கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால் கூகுள் மேப்ஸில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்து 'தூரத்தை அளவிடு' கொடுத்தால் போதும்.

வரைபடத்தில் அந்தக் கோட்டை இழுத்துப் பாருங்கள். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை ஆகிய மூன்று ஊர்களின் தலைக்கு மேலேயே கோடு போகும். பெரம்பலூரையும் திருச்சியையும் கொஞ்சம் ஒதுங்கித் தொட்டுச் செல்லும். நெடுஞ்சாலையும் இதே ஊர்கள் வழியாகத்தான் போகிறது. அதனால்தான் சாலைத் தூரம் நேர்கோட்டைவிடப் பத்து சதவீதம்கூடக் கூடவில்லை. ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்கு 421 என்றால் சாலையில் 460. நடுவில் மலையும் இல்லை, சுற்றிப் போகவைக்கும் பெரிய ஏரியும் இல்லை.

ஆனால் இந்தப் பத்து சதவீதத்தை எல்லா ஊருக்கும் பொருத்திவிட முடியாது. மதுரையிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் 78 கிலோமீட்டர்தான். வத்தலக்குண்டு வழியாக மலையேறினால் 115 கிலோமீட்டருக்குக் குறையாது, மூன்று மணி நேரமும் ஆகும். வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிற ஊருக்கெல்லாம் 'ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம்' என்று முடிவு செய்யும் முன் நடுவில் மலை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

3. விமானம்: பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

டிக்கெட்டில் சென்னை–மதுரை விமான நேரம் பொதுவாக ஒரு மணி பத்து நிமிடத்திலிருந்து ஒன்றரை மணிவரை போட்டிருக்கும். 417 கிலோமீட்டருக்கு ஏன் இவ்வளவு? அந்த நேரத்தில் பறப்பது மட்டும் சேரவில்லை. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல் மதுரையில் வந்து நிற்பதுவரை எல்லாமே அதில் அடக்கம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், முறைக்குக் காத்திருக்க வேண்டும், ஏற வேண்டும், இறங்க வேண்டும். பெரிய ஏர்பஸ் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். ஆனால் இந்தத் தூரத்தில் அந்த வேகத்தில் பறக்கும் நேரம் கொஞ்சம்தான். ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். இறக்கையில் காற்றாடி சுழலும் ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். ஆனாலும் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் கால் மணி நேரம்தான் வரும். 'சின்ன பிளேன், லேட்டாகும்' என்று பயந்து டிக்கெட்டை மாற்ற வேண்டியதில்லை.

சரி, வாசலிலிருந்து கணக்குப் பார்ப்போம். அண்ணா நகரில் வீடு, காலை 10 மணிக்கு விமானம், கையில் ஒரு பெட்டி, மதுரையில் சிம்மக்கல் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுண்ட்டரை வழக்கமாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஆக 9 மணிக்குள் பெட்டி போயிருக்க வேண்டும். நுழைவாயில் வரிசை, கவுண்ட்டர் வரிசை எல்லாம் சேர்த்து 8.15க்கு முனையத்தின் வாசலில் நிற்பது நிம்மதி. அண்ணா நகரிலிருந்து மெட்ரோவில் ஆலந்தூர் வந்து, அங்கே மாறி, விமான நிலையத்தில் இறங்கி நடந்துபோக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆக 7.15க்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். 10 மணி விமானம் 11.20க்கு மதுரையில் நிற்கும். பெட்டி வர இருபது நிமிடம். டாக்சியில் அவனியாபுரம் வழியாக ஊருக்குள் சிம்மக்கல் வர நாற்பது நிமிடம். மணி 12.20.

மொத்தம் ஐந்து மணி ஐந்து நிமிடம். ஒரு மணி இருபது நிமிட விமானத்துக்கு ஆகும் உண்மையான நேரம் இதுதான். விமானம் சரியாகக் கிளம்பினால்.

பெட்டி இல்லாமல் கைப்பையோடு போனால், வெப் செக்-இன் முதல் நாளே முடித்துவிட்டால், முன்பக்கத்தில் அரை மணியும் பின்பக்கத்தில் இருபது நிமிடமும் மிச்சமாகும். ஆனால் கேட்டை வழக்கமாக 25 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம். டிக்கெட்டில் இருக்கும் 10 மணி என்பது விமானம் நகரும் நேரம், நீங்கள் ஏறும் நேரம் இல்லை.

சென்னையில் உள்நாட்டு விமானங்கள் 1ஆம் முனையத்திலிருந்தும் 4ஆம் முனையத்திலிருந்தும் கிளம்புகின்றன. எது என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டுப் போங்கள். ஒரே வளாகம்தான், ஆனால் தவறான முனையத்தில் இறங்கிப் பெட்டியோடு நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் காலி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இறங்குவது 2ஆம் முனையம். குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்ப் பெட்டி போட வேண்டியிருக்கும் என்பதால் இரண்டு விமானங்களுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது விடுங்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

தாம்பரம், பல்லாவரம் பக்கம் இருப்பவர்களுக்கு மின்சார ரயில் இன்னும் வசதி. திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு நேர் எதிரே, ஜிஎஸ்டி ரோட்டின் (தாம்பரம், செங்கல்பட்டு வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலை) மறுபக்கம். விடிகாலை ஆறு மணி விமானத்துக்கு மெட்ரோவை நம்ப முடியாது. காரோ ஆட்டோவோ முதல் நாள் இரவே பேசி வையுங்கள்.

4. கார்: 460 கிலோமீட்டரைத் துண்டு துண்டாகப் பாருங்கள்

நெடுஞ்சாலைப் பலகையில் 100 என்று பார்த்துவிட்டு 'நாலரை மணி நேரத்தில் மதுரை' என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. நடைமுறையில் நின்று, டீ குடித்து, டோலில் ஊர்ந்து, ஊர்களில் மெதுவாகப் போய்ச் சேரும்போது ஏழரையிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். அதிகாலை கிளம்பினால் ஏழு. அதற்குக் கீழே சொல்லுகிறவர் எப்படி ஓட்டினார் என்று நான் கேட்பதில்லை.

சாலையின் எண்கள் மாறியிருப்பதால் பழைய ஆட்கள் 45 என்பார்கள், மேப் வேறு எண் காட்டும். இப்போதைய கணக்கில் திண்டிவனம்வரை 32, அங்கிருந்து விழுப்புரம்வரை 132, அதற்கப்புறம் திருச்சி தாண்டி மதுரைவரை 38. எண்ணை விட்டுத்தள்ளுங்கள், ஊர்ப் பெயரைப் பார்த்துப் போனால் போதும்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுவரை முப்பது கிலோமீட்டர்தான். மொத்தப் பயணத்தின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது. விடிகாலை நாலரை மணிக்கு அரை மணியில் தாண்டலாம். காலை எட்டு மணிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். தீபாவளிக்கு முந்தின நாள் மாலை என்றால் மூன்று மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில் என்று வரிசையாக நெரிசல். ஆகவே காரில் போகிறவர்களுக்கு ஒரே விதிதான்: தாம்பரத்தைக் காலை ஐந்து மணிக்குள் தாண்டிவிடுங்கள். அம்பத்தூர், ஆவடி, மீஞ்சூர்ப் பக்கத்துக்காரர்கள் நகருக்குள் வரவே வேண்டாம். மீஞ்சூரிலிருந்து வண்டலூர்வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இருக்கிறது, நேரே ஜிஎஸ்டியில் கொண்டுவந்து விடும்.

செங்கல்பட்டு தாண்டினால் சாலை திறந்துகொள்ளும். திண்டிவனம் சென்னையிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர். அங்கிருந்து விழுப்புரம் 37, அப்புறம் உளுந்தூர்பேட்டையும் அதே அளவு. உளுந்தூர்பேட்டையிலிருந்து பெரம்பலூர் எழுபது சொச்சம். இந்தப் பகுதியில்தான் கண் சொக்கும். இருபக்கமும் பெரிதாக ஒன்றும் இல்லாத நேர்ச்சாலை, வெயில் ஏறும் நேரம், வயிற்றில் பொங்கல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. 300 கிலோமீட்டரை மணிக்கு 80இல் ஓட்டினால் 3 மணி 45 நிமிடம். 100இல் ஓட்டினால் 3 மணி. மிச்சம் 45 நிமிடம். சாலையோர மோட்டலில் நாலு பேர் இறங்கி, கைகழுவி, தோசைக்குக் காத்திருந்து, பில் வாங்கி, மறுபடி வண்டியில் ஏற அதே 45 நிமிடம் ஆகும். அந்த தோசைக்கு ஊருக்குள் கொடுப்பதைப்போல இரண்டு பங்கு விலையும் கொடுப்பீர்கள். நேரம் மிச்சப்படுத்த வேண்டுமென்றால் ஆக்சிலரேட்டரில் தேடாமல் சாப்பாட்டில் தேடுங்கள்: வீட்டிலிருந்து இட்லி கட்டிக்கொண்டு போகிறவர்கள் எப்போதும் முன்னால் போய்ச் சேருகிறார்கள்.

பெரம்பலூரிலிருந்து திருச்சி 60 கிலோமீட்டருக்குள். சமயபுரம் தாண்டியதும் கொள்ளிடம், காவிரி என்று அடுத்தடுத்து இரண்டு பாலங்கள் வரும். அதற்கப்புறம் கவனம். திருச்சி 'பைபாஸ்' என்ற பெயரில் போகும் சாலை ஊருக்குள் புகுந்துதான் போகிறது: சஞ்சீவி நகர், பால்பண்ணை, ஜி கார்னர், டி.வி.எஸ். டோல்கேட், மன்னார்புரம், பஞ்சப்பூர். பள்ளி, அலுவலக நேரத்தில் இந்த நீளத்துக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி தனியாக ஒதுக்குங்கள். புதிதாக வருகிறவர்கள் 'நம்பர் 1 டோல்கேட்', 'டி.வி.எஸ். டோல்கேட்' என்ற பெயர்களைப் பார்த்துச் சுங்கச்சாவடி என்று வேகம் குறைத்துவிடுகிறார்கள். அவை இடத்தின் பெயர்கள்தான், அங்கே யாரும் காசு வாங்குவதில்லை.

திருச்சியிலிருந்து மதுரை 135 கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர். ஒத்தக்கடை வரும்போது யானைமலை தெரியும். அது தெரிந்துவிட்டால் மாட்டுத்தாவணி வந்தாயிற்று. ஊருக்குள் போகாமல் விமான நிலையம், திருமங்கலம் பக்கம் போக வேண்டியவர்கள் உத்தங்குடியில் ரிங் ரோடு பிடித்துவிடுங்கள். மதுரையின் வடக்குப் பகுதிக்குப் போகிறவர்களுக்குத் துவரங்குறிச்சியில் பிரிந்து நத்தம் வழியாக வரும் சாலையும் உண்டு. அந்தப் பக்கம் 2023இல் திறந்த 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் நேராகத் தல்லாகுளம் பக்கம் கொண்டுவந்து இறக்கும்.

வழியில் எட்டு சுங்கச்சாவடிகள்: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதகுடி, சிட்டம்பட்டி. ஃபாஸ்டாக்கில் பணம் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். இல்லாவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்: 2025 நவம்பரில் வந்த விதிப்படி ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்று இருந்தது. கட்டணங்கள் சாவடியைப் பொறுத்து ஏப்ரல் 1இலோ செப்டம்பர் 1இலோ மாறும். அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15இல் வந்த ஆண்டுப் பாஸ் லாபம்: தொடங்கியபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை கடக்கலாம் என்று கொடுத்தார்கள். ஒவ்வொரு சாவடியும் ஒரு கணக்கு என்பதால், போய்வர 16. ஆக பன்னிரண்டு முறை மதுரை போய்வரலாம். சொந்த காருக்கு மட்டும்தான், வாடகை வண்டிக்கு இல்லை.

5. பஸ்: கிளாம்பாக்கத்திலிருந்து எண்ணுங்கள்

2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து கணக்கு மாறிவிட்டது. முன்பு கோயம்பேட்டில் ஏறி நகர நெரிசலை பஸ்ஸுக்குள் தூங்கியபடி கடந்தோம். இப்போது அந்த முப்பது கிலோமீட்டரை நாமே கடந்துபோய் ஏற வேண்டும். பஸ்ஸின் நேரம் ஒரு மணி குறைந்தது. நம்முடைய நேரம் குறையவில்லை. வடசென்னையில் இருப்பவர் கிளாம்பாக்கம் போகவே இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும், அதுவும் மாலையில்.

கிளாம்பாக்கத்திலிருந்து மாட்டுத்தாவணிக்கு இரவு பஸ்ஸில் ஏழரையிலிருந்து ஒன்பது மணி நேரம். அரசு விரைவுப் பேருந்துக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் ஓட்டத்தில் பெரிய வித்தியாசமில்லை. எத்தனை இடத்தில் நின்று ஆள் ஏற்றுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஆப்பில் டிக்கெட் எடுக்கும்போது 'கிளம்பும் நேரம்' என்று பெரிதாகக் காட்டுவது முதல் நிறுத்தத்தின் நேரம். உங்கள் நிறுத்தத்தின் நேரம் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள்.

கிளம்பும் மணியை, போய் இறங்கும் மணியை வைத்து முடிவு செய்யுங்கள். இரவு எட்டு மணிக்குக் கிளம்பினால் விடிகாலை நாலு, நாலரைக்கு மாட்டுத்தாவணியில் இறக்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் டீக்கடையும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும். பக்கத்திலேயே பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டைகள் வந்திறங்கும். ஆனால் ஆட்டோக்காரர் கேட்கும் காசு பகலைவிட அதிகம். அவசரமில்லை என்றால் ஒரு டீ குடித்துவிட்டு, பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸைப் பிடியுங்கள். இதையே பத்து மணி பஸ்ஸாக எடுத்தால் ஆறரைக்கு, விடிந்து இறங்கலாம். தேனி, திண்டுக்கல் பக்கம் தொடர்ந்து போக வேண்டியவர்கள் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும், மாட்டுத்தாவணியில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

6. ரயிலை மறந்துவிடாதீர்கள்

கட்டுரை வானையும் சாலையையும் பற்றியதுதான். ஆனாலும் இந்த வழித்தடத்தில் ரயிலைச் சொல்லாமல் விட்டால் மதுரைக்காரர்கள் திட்டுவார்கள். ரயில் திருச்சிக்கு அப்புறம் மேலூர் வழியாக வராமல் மணப்பாறை, திண்டுக்கல் என்று சுற்றி வருகிறது, அதனால்தான் 493 கிலோமீட்டர். தூரம் அதிகம், நேரம் குறைவு: 1977 ஆகஸ்ட் 15இலிருந்து ஓடும் வைகை ஏழரை மணி நேரத்துக்குள், 2019இல் வந்த தேஜஸ் ஆறேகால் மணி நேரத்தில், 2024இல் தொடங்கிய நாகர்கோவில் வந்தே பாரத் அதற்கும் குறைவாக. எழும்பூர் பக்கம் வீடு, மதுரையில் ஊர் நடுவே வேலை என்றால், வந்தே பாரத்துக்கும் விமானத்துக்கும் வாசல் கணக்கில் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். டிக்கெட் கிடைப்பதுதான் பாடு.

7. கணக்கு பொய்க்கும் நாட்கள்

பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை தொடர் விடுமுறை. இந்த நாட்களில் செங்கல்பட்டுவரை கார்களை ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) வழியாகக் கேளம்பாக்கம், திருப்போரூர் சுற்றிப் போகச் சொல்லிக் காவல்துறை அறிவிப்பது வழக்கம். சொல்வதைக் கேளுங்கள், தூரம் கூடினாலும் நேரம் குறையும்.

போகி அன்று விடிகாலை விமானம் எடுக்காமலிருப்பது நல்லது. பழைய பாய், டயர் எரித்த புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் போகும். 2018 போகியில் சென்னைக்கு வந்த விமானங்கள் பலவற்றை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். மறுநாள் பொங்கலன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு, மதுரை விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் வழியிலேயே. அன்று டிரைவரிடம் ரிங் ரோடு வழியாகப் போகச் சொல்லுங்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி போகும் என்று நினைக்கவே வேண்டாம்.

அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழை. பெரிய புயல் வந்தால் மூன்று வழியும் ஒன்றாக அடைபடும். 2024 ஃபெஞ்சல் புயலில் நவம்பர் 30 அன்று சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். அடுத்த இரண்டு மூன்று நாட்களில் விழுப்புரம் அருகே அரசூரில் வெள்ளம் நெடுஞ்சாலையை மூழ்கடித்தது, விக்கிரவாண்டி அருகே ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டதால் தென்மாவட்ட ரயில்களும் ரத்தாயின. அப்படியொரு எச்சரிக்கை இருக்கும்போது 'பிளேன் இல்லாவிட்டால் பஸ்' என்று மாற்றுத்திட்டம் வைப்பதில் பயனில்லை. தேதியை மாற்றுவது ஒன்றே வழி.

8. எதைத் தேர்ந்தெடுப்பது

தனியாளாக, கைப்பையோடு, ஒரு நாள் வேலைக்கு என்றால் விமானம். மதுரை விமானம் நிரம்பிவிட்டால் திருச்சி விமான நிலையத்தையும் பாருங்கள்: அங்கிருந்து மதுரைக்கு 130 கிலோமீட்டர் சொச்சம், பஞ்சப்பூர் பஸ் முனையம் போய்ப் பஸ் பிடிக்கலாம். நாலு பேர், பெட்டிகள், பாட்டி என்றால் கார். ஒரு பகல் முழுவதையும் பயணத்துக்குக் கொடுக்க முடியாது என்றால் இரவு பஸ் அல்லது ரயில். ஒன்பது மணி நேரமானாலும் அது தூங்கும் நேரம்.

திரும்பும் பயணத்துக்கும் தனிக் கணக்குப் போடுங்கள். ஞாயிறு மாலை தென்மாவட்டம் முழுவதும் சென்னைக்குத் திரும்பும். மதுரையில் மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்பினால் இரவு எட்டு, ஒன்பதுக்கு செங்கல்பட்டில் அத்தனை பேரோடும் சேர்ந்து நிற்பீர்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுங்கள், அல்லது இரவு ஒன்பதுக்கு மேல், தூங்கி எழுந்த டிரைவரோடு. சோழிங்கநல்லூர், சிறுசேரிப் பக்கம் வீடு இருப்பவர்கள் தாம்பரம்வரை போக வேண்டியதே இல்லை. செங்கல்பட்டில் திருப்போரூர் சாலைக்குத் திரும்பலாம். அதைத் தவறவிட்டால் வண்டலூரில் கேளம்பாக்கம் சாலை இருக்கிறது.